எஸ்பொசித்தோ: ஒரு குடும்பப் பெயரின் கதை

நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர் வருகிறது. இத்தாலியில் அப்படியன்று. தலைமுறைதோறும் மாறாமல் வரும் குடும்பப் பெயர் அங்கே உண்டு. கொல்லர் வழிவந்தவர் 'பெர்ராரி' ஆனார். செம்பட்டை முடிக்காரர் வழிவந்தவர் 'ரோசி' ஆனார். அப்படியானால், தாய் தகப்பன் யாரென்றே தெரியாத குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது?

நேப்பிள்ஸ் நகரில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் எஸ்பொசித்தோ. லத்தீன் மொழியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு 'வெளியே விடப்பட்டவர்' என்பது பொருள். அந்நகரில் அனுன்சியாத்தா என்னும் மாதா கோயிலை ஒட்டி ஓர் அனாதை இல்லம் இருந்தது. அதன் சுவரில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று உண்டு. வறுமையாலோ ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சியோ பிள்ளையை வளர்க்க முடியாத தாய், குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிடுவாள். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தாயின் முகத்தை எவரும் பார்ப்பதில்லை. 1875-ஆம் ஆண்டில்தான் அந்தப் பெட்டி மூடப்பட்டது.

இப்பெயர் இடத்துக்கு இடம் திரிந்தது. சிலர் ஸ்பொசித்தோ என்றனர். பொலோஞா பக்கத்தில் அது 'டெல்யி எஸ்பொஸ்தி' ஆயிற்று. மத்திய இத்தாலியில் 'எறியப்பட்டவர்' என்ற பொருளில் புரொயெத்தி என்று வைத்தார்கள். மிலான் மருத்துவமனையின் சின்னம் புறா. ஆகவே அங்கே விடப்பட்ட குழந்தைகளுக்குப் புறா என்று பொருள்படும் 'கொலொம்போ' என்ற பெயர் கிடைத்தது. 1445-இல் திறக்கப்பட்ட புளோரன்ஸ் இல்லமோ 'இன்னொசெந்தி', அதாவது மாசற்றவர், என்று பெயரிட்டது. அங்கே விடப்பட்ட சில குழந்தைகளிடம் பாதியாக உடைத்த நாணயம் இருந்தது. மறுபாதி தாயிடம்! என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால் அடையாளம் காட்டத்தான்.

எறியப்பட்டவர், மாசற்றவர்: ஒரே நிலையிலுள்ள குழந்தைக்கு இரண்டு பெயர்கள். ஒன்று பிறப்பைச் சொல்லிக் குத்துகிறது, மற்றொன்று அணைத்துக்கொள்கிறது. பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர்களை வைக்கலாகாது என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முரா மன்னர் ஆட்சியில், நேப்பிள்ஸில் தடை வந்தது. ஆயினும் முன்பு வைத்த பெயர்கள் பேரன் பேத்திகளோடு தொடர்ந்தன. இன்று எஸ்பொசித்தோ என்று அழைக்கப்படுபவரை அங்கே எவரும் தாழ்வாக நினைப்பதில்லை.

நம் லயங்களிலும் 'தகப்பன் பேர் தெரியாதது' என்று பிள்ளைகளை ஏசும் வழக்கம் உண்டு. கோபத்தில் நாம் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். கேட்ட பிள்ளை மறப்பதில்லை. பிறப்பு எந்தப் பிள்ளையின் குற்றமும் அன்று. பிள்ளைகளை அவரவர் பெயரைச் சொல்லியே அழைப்போம்.