பத்து நிமிடம் கெடு

மணிக்கு ஒரு முறை ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று. இரவு பதினொன்றுக்குக் கிளம்பியது, மறுமுனையிலிருக்கும் கணினி வாய் திறக்கவில்லை. ஸ்கிரிப்ட் காத்திருக்கிறது. பன்னிரண்டு அடித்ததும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் இன்னொரு பிரதியைக் கிளப்பி விடுகிறது. முந்தையது முடிந்ததா என்று கிரான் கேட்பதில்லை. ஒரு மணிக்கு மூன்றாவது, இரண்டு மணிக்கு நான்காவது. விடியும்போது சர்வரின் மெமரி நிரம்பி, உள்ளே நுழையவே முடியவில்லை. சர்வர் நிர்வாகிகள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், இந்தக் கதையின் ஏதாவதொரு வடிவம் வந்தே தீரும்.

ஒரு புரோகிராம் எப்போதாவது நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி கிடையாது. ஆலன் டூரிங் 1936-லேயே இதை நிறுவிவிட்டார். மிச்சமிருப்பது கடிகாரம்தான்.

ஐபிஎம் மெயின்ஃப்ரேம்காரர்களுக்கு இது பழைய சங்கதி. அங்கே வேலையை ஒப்படைக்கும்போதே எத்தனை சிபியு நிமிடம் என்று எழுதிக் கொடுக்கலாம். மீறினால் எஸ்322 என்ற குறியோடு வேலை பாதியில் விழும். 1440 என்று எழுதினால் வரம்பே இல்லை என்று பொருள். ஒரு நாளுக்கு அத்தனை நிமிடம்தானே!

யூனிக்ஸ் பக்கம் வரம்பு வைக்க யூலிமிட் என்ற கட்டளை இருந்தது. ஆனால் அதுவும் எண்ணுவது சிபியு உழைத்த நேரத்தைத்தான். நம் பேக்கப் ஸ்கிரிப்டோ உழைக்கவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் கணக்கில் ஒரு நொடிகூட ஏறியிருக்காது. இதற்குச் சுவர்க்கடிகாரம் பார்த்து ஆளை எழுப்பும் ஒருவர் தேவை. பெர்ல் மொழியில் ஒற்றை வரி எழுதிப் பலர் சமாளித்தார்கள். 2008-ல் குனு கோர்யூட்டில்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பின் 7.0 பதிப்பு வந்தபோது, பாட்ரிக் பிரேடி எழுதிய டைம்அவுட் கட்டளை அதில் சேர்ந்தது. டைம்அவுட், ஓர் இடைவெளி, 10எம், பிறகு உங்கள் கட்டளை. அவ்வளவுதான், பத்து நிமிடம் கெடு.

இந்தக் கட்டளையில் ரசிக்க வேண்டியது அதன் மரியாதை. கெடு முடிந்ததும் அது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. டெர்ம் என்ற சிக்னலைத்தான் அனுப்புகிறது. கல்யாண மண்டப மேனேஜர் வந்து "சார், காலி பண்ணிடுங்க" என்று சொல்வதுபோல. புரோகிராம் திறந்த கோப்புகளை மூடலாம், தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம், பிறகு கிளம்பலாம். ஆனால் டெர்மைக் காதில் போட்டுக்கொள்ளாத புரோகிராம்களும் உண்டு. அப்போது டைம்அவுட்டும் பொறுமையாகக் காத்துக்கொண்டே இருக்கும்! இதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். மைனஸ் கே என்று போட்டு 30எஸ் என்று சேர்த்தால், அரை நிமிடம் கழித்து கில் சிக்னல் போகும். அதைப் புரோகிராமால் தடுக்கவோ புறக்கணிக்கவோ முடியாது. பழுதான டிஸ்க்கின் பதிலுக்காகக் கெர்னலுக்குள் சிக்கிக் கிடப்பது மட்டும் அதற்கும் உடனே அசையாமல் போகலாம்.

முடிந்தபின் கையில் ஓர் எண் கிடைக்கும். 124 என்றால் கெடு தாண்டியது. 137 என்றால் கில் வரை போக வேண்டியிருந்தது. 128-உம் கில்லின் எண்ணான 9-உம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. 127 என்றால் அப்படியொரு கட்டளையே இல்லை, எழுத்துப்பிழையைப் பாருங்கள்.

இந்த எண்ணைப் பார்க்காமல் விடுவதுதான் பேக்கப்பில் வினையாகிறது. டேட்டாபேஸைக் கோப்பில் கொட்டிக்கொண்டிருக்கும்போது கெடு விழுந்தால், பாதிக் கோப்பு முழுப் பெயரோடு அங்கேயே கிடக்கும். பட்டியலில் பார்த்தால் நல்ல பேக்கப் போலவே தெரியும். தேவைப்படும் நாளில்தான் வண்டவாளம் தெரியும். அதனால் அனுபவசாலிகள் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுகிறார்கள். வெற்றியைக் குறிக்கும் பூஜ்யம் வந்தால் மட்டுமே உண்மையான பெயருக்கு மாற்றுகிறார்கள்.

விண்டோஸ் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் டைம்அவுட் உண்டு, ஆனால் சொன்ன நொடிகள் சும்மா காத்திருப்பதே அதன் வேலை. எதையும் நிறுத்தாது. மேக் வைத்திருப்பவர்கள் ஹோம்ப்ரூ வழியாகக் கோர்யூட்டில்ஸை நிறுவினால் ஜிடைம்அவுட் என்ற பெயரில் கிடைக்கும்.

நேரம் நெருங்குகிறது, இந்த உரைக்கும் கெடு உண்டு. யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸின் 2024 பதிப்பிலும் டைம்அவுட் இடம்பெற்றுவிட்டதால், இனி எந்த யூனிக்ஸில் உட்கார்ந்தாலும் இதே கட்டளை கைக்கு எட்டும் என்று நம்பலாம். இன்றிரவு உங்கள் கிரான் பட்டியலைத் திறப்பவர்கள் மைனஸ் கேயை மறந்துவிடாதீர்கள். வணக்கம்.