தூசிச் சாவு தலைவிதியா?



கோவில் திருவிழாவில் பூசாரி பந்தத்தின் மேல் குங்கிலியப் பொடியைத் தூவியவுடன் தீ குப்பென்று எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஜனங்கள் அதை அம்மனின் ஆவேசமென்று கருதிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அம்மனுக்கும் அதற்கும் எவ்வித சம்பந்தமும் கிடையாது. கட்டியாயிருக்கும்போது மெதுவாய் எரியும் பொருள், பொடியாகிப் பறந்தால் ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்ளுவதால், அத்தனையும் ஒரே நொடியில் எரிந்துவிடுகிறது. அவ்வளவுதான் இரகசியம்.

இதே காரியம் நாலு சுவருக்குள் நடந்தால், சூடேறிய காற்று விரிய இடமின்றிச் சுவரையே பிளந்துகொண்டு வெளிப்படும். கோதுமை மாவு, சர்க்கரை, மரத்தூள், நிலக்கரித் தூள், அலுமினியப் பொடி எல்லாம் இப்படி வெடிக்கக்கூடியவைகளேயாகும்.

இது நேற்றுக் கண்ட சங்கதியல்ல. 1785-ல் இத்தாலியில் டூரின் பட்டணத்தில் ஒரு மாவுக் கிடங்கு வெடித்தது. விளக்கு நெருப்பு மாவுத் தூசியில் பற்றியதே காரணமென்று அப்போதே எழுதிவைத்தார்கள். 1878-ல் அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் மாவு மில் வெடித்து 18 பேர் மாண்டார்கள்.

அப்படியிருந்தும், 2008 பிப்ரவரி 7-ந் தேதி அதே அமெரிக்காவில், ஜார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த போர்ட் வென்ட்வொர்த் என்னும் ஊரின் சர்க்கரை ஆலை வெடித்து 14 தொழிலாளர்கள் செத்தார்கள். 36 பேர் காயமடைந்தார்கள். காரணம் என்ன? சர்க்கரை செல்லும் பெல்ட்டைத் தகடு போட்டு மூடினார்களே தவிர, உள்ளே சேரும் தூசியை வெளியேற்ற வழி செய்யவில்லை. முதல் வெடி அதற்குள் நடந்தது. அந்த அதிர்ச்சியில், தரையிலும் உத்தரத்திலும் கூட்டாமல் விடப்பட்ட தூசி கிளம்பிப் பறந்து, அடுத்தடுத்து வெடித்துக்கொண்டே போயிற்று. இது தடுத்திருக்கக்கூடியதே என்று விசாரித்த சர்க்கார் சபையார் முடிவு கூறினார்கள்.

தூசி வெடிக்குமென்பது முதலாளிமார்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூட்டுவதற்குக் கூலி வேண்டும். யந்திரத்தை நிறுத்தினால் லாபம் குறையும். ஆகவே அறிவு மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். 1977-ல் லூசியானா மாகாணத்தில் ஒரு தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் மாண்டார்கள். பிறகு 1987-ல், தானியக் கிடங்குகளின் முக்கியமான இடங்களில் தூசி எட்டிலொரு அங்குலத்துக்கு மேல் படிந்தால் உடனே அகற்ற வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். சாவும் குறைந்தது.

மற்ற ஆலைகளுக்கோ? 1980 முதல் 2005 வரை 281 தூசி விபத்துகளில் 119 பேர் மாண்டதாகக் கணக்கெடுத்த அதே விசாரணைச் சபை, 2006-லேயே பொதுச் சட்டம் கேட்டது. 2009-ல் அதற்கு வேலை ஆரம்பித்த இலாகா, 2017-ல் கைவிட்டுவிட்டது. நம் நாட்டுப் பூசாரி ‘விதி’ என்கிறான். அந்நாட்டு முதலாளி ‘விபத்து’ என்கிறான். இரண்டும் குற்றவாளியைத் தப்பவைக்கும் வார்த்தைகளேயாகும்.

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் காரியமா? தூசி கிளம்பும் இடத்திலேயே அதை இழுத்துவிட வேண்டும். படிந்ததை, ஊதிப் பறக்கவிடாமல் அகற்ற வேண்டும். பேரிங் சூடேறாமலும் பொறி பறக்காமலும் பார்க்க வேண்டும். மீறி வெடித்தாலும் அதன் வேகம் ஆளில்லாத பக்கம் போக வழி வைக்க வேண்டும்.

ஆகவே, ஆலைக்குப் போகும் தோழர்களே! ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குப் பொட்டு வைப்பதை விட்டு, அதற்கு மேலுள்ள உத்தரத்தைத் துடைக்கச் சொல்லிச் சங்கத்தின் மூலம் கேளுங்கள். நான் சொல்லுகிறேன் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள்.