தெரியாது என்றால் இல்லை என்று அர்த்தமா?



"பிள்ளைகளைக் கெடுப்பது பெற்றோரின் அலட்சியமே" என்று எதிரணி அம்மா பேசிட்டுப் போனாங்க. அலட்சியம் பிள்ளையைச் சும்மா விட்டு வைக்கும் ஐயா! அவசரம் இருக்கே, அது பிள்ளை வாயில் எதையாவது போட்டுவிடும்! (கைதட்டல்)

பரீட்சை வந்தால் வீட்டுக்கு வீடு ஞாபக மாத்திரை. ஒரு தாய் கேட்டாங்களாம், "ஏம்ப்பா, மாத்திரை போட்டியா?" பையன் சொன்னான், "மறந்துட்டேம்மா!" (சிரிப்பு)

இதுக்குச் சிரிக்கலாம். அடுத்ததுக்குச் சிரிக்க முடியாது. "முதல் மார்க் வாங்கு" என்று நாம விரட்டுற விரட்டில், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இன்டர்நெட்டில் மூளைப் பவுடர் வரவழைக்கிறாங்க. சில பொட்டலங்களில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல' என்றே அச்சடிச்சிருக்கு. விற்கிறவனே தின்னாதேங்கிறான், நம்ம பிள்ளை தின்கிறான்!

கேட்டால், "பக்க விளைவு இல்லையாம்" என்கிறான். சோதிக்காத பொருளுக்கு யார் ஐயா 'இல்லை' என்று சொல்ல முடியும்? 'தெரியாது' என்றுதான் சொல்லலாம். இல்லை வேறு, தெரியாது வேறு! (கைதட்டல்)

2016 ஜனவரி. பிரான்ஸ் நாட்டில் ரென் நகரம். மூளை நரம்பில் வேலை செய்யும் ஒரு புது மருந்து. அது ஞாபக மருந்துகூட இல்லை. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு ஆரோக்கியமான மனிதர்களுக்கு, டாக்டர்கள் மேற்பார்வையிலேயே கொடுத்தாங்க. குறைந்த அளவு சாப்பிட்டவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. அளவைக் கூட்டித் தினமும் கொடுத்தபோது, ஒருவர் இறந்தார். நாலு பேருக்கு மூளை பாதிப்பு. டாக்டர் பக்கத்தில் இருந்தே இந்தக் கதி. ஹாஸ்டல் அறையில் கரண்டியால் அளந்து தின்கிற பிள்ளைக்கு யார் காவல்?

நம்ம காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுற பூச்சை, மண்டபம் கடற்காற்றில் நாள்கணக்கில் வைத்துச் சோதிக்கிறாங்க. இரும்புக்கு இருக்கிற மரியாதை என் பிள்ளை மூளைக்கு இல்லையா? (பலத்த கைதட்டல்)

நம் நாட்டு மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. மூளைத் திறன் கூட்டும், ஞாபகம் வளர்க்கும் என்று மருந்தை வைத்துப் பெருமை பேசக்கூடாது என்பது அதில் இருக்கு.

இந்தச் செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள், எந்தப் பவுடரைத் தின்று வட்டிக் கணக்குப் போட்டாங்க? சின்ன வயசிலேயே மனக்கணக்குப் பழகினாங்க. பழக்கத்துக்கு நாளாகும். அந்த நாளைக் கொடுக்கத்தான் நமக்குப் பொறுமையில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, பிள்ளைகளைப் பெரிதும் கெடுப்பது பெற்றோரின் அவசரமே என்று தீர்ப்பளிக்கக் கேட்டு அமர்கிறேன்.