நாடி மருந்தும் இரத்த அழுத்த மருந்தும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இருதயத்தின் நடையைச் சீர்ப்படுத்தும் மருந்துகளும் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்துகளும் ஓருடலிற் சேரும்போது ஒன்றையொன்று எவ்விதம் பாதிக்கின்றன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயமாகும். இது வைத்தியர்களுக்கு மாத்திரம் உரியதன்றோ எனச் சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. நம் குடும்பத்துப் பெரியோரிற் பலர் இரத்த அழுத்தத்திற்கு ஒரு வைத்தியரிடமும், நாடித் துடிப்பின் கோளாறுக்கு வேறொரு வைத்தியரிடமும் சிகிச்சை பெறுகின்றனர். இரண்டு மருந்துச் சீட்டுகளும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஆயினும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை. அபாயம் பிறப்பது இவ்விடத்தில்தான்.

முதலில் இருதயம் இயங்கும் விதத்தைச் சுருங்கச் சொல்லுகிறேன். அதன் வலப்பக்க மேலறையிலுள்ள ஒரு சிறு பகுதியிலிருந்து, நாம் ஓய்ந்திருக்குங் காலத்தில் நிமிஷத்திற்கு 60 முதல் 100 முறை மின்சாரத் தூண்டுதல் புறப்படுகின்றது. அது மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையேயுள்ள ஒரு வாயிலைக் கடந்து, கீழறைகளைச் சுருங்கச் செய்கின்றது. முதுமையிற் சிலருக்கு மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குகின்றன. அப்பொழுது அளவிறந்த தூண்டுதல்கள் வாயிலை மோத, நாடி தாறுமாறாக ஓடுகின்றது. இதற்கெனக் கொடுக்கப்படும் டிகாக்ஸின், அமியோடரோன் முதலிய மருந்துகள் அவ்வாயிலை ஓரளவு நெருக்கி வேகத்தைக் குறைக்கின்றன.

இனி, இரத்த அழுத்தத்திற்கென எழுதப்படும் மருந்துகளிலும் இவ்வாயிலை நெருக்குவன உள. மெட்டோபிரோலால், அட்டெனலால் என்பன ஒரு வகை; வெராபமில், டில்டியாஜெம் என்பன மற்றொரு வகை. தனித்தனியே இவை நல்லனவே. ஆனால் ஒன்றின் மேலொன்றாகச் சேரும்போது வாயில் மிகவும் இறுகிப்போகலாம். நாடி நிமிஷத்திற்கு 40க்கும் கீழே இறங்கலாம்; அழுத்தமும் உடன் வீழும்; பெரியவர் எழுந்து நிற்கும்போது மயங்கி விழுவார். அம்லோடிபின் என்னும் மாத்திரை வெராபமிலோடு ஓரினமாகப் பேசப்படினும், பெரும்பாலும் இரத்தக் குழாய்களையே தளர்த்துவது; வாயிலை நெருக்குவதன்று. ஆதலால் இனப்பெயரைக் கொண்டு அஞ்சுவதும் தவறு, அஞ்சாதிருப்பதும் தவறு. கண் நீரழுத்த நோய்க்கு விடப்படும் டிமோலால் என்னும் சொட்டு மருந்துங்கூட, மெட்டோபிரோலாலின் இனத்தைச் சேர்ந்ததாகையால், இரத்தத்திற் கலந்து நாடியைத் தாழ்த்தக்கூடும். கண்ணுக்கு விடும் சொட்டை இருதய வைத்தியரிடம் சொல்ல வேண்டுமென்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

டிகாக்ஸின் விஷயம் தனியே கவனிக்கத்தக்கது. டிஜிடாலிஸ் என்னும் செடியினத்திலிருந்து எடுக்கப்படுவது இது. அவ்வினத்துச் செடியொன்றின் இலையைப் பற்றி இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் விதரிங் 1785-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், நாடித் தளர்ச்சி உண்டாவதையும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றுவதையும் அவர் அக்காலத்திலேயே குறித்துள்ளார். இதன் நன்மைக்கும் தீமைக்கும் இடையேயுள்ள அளவு மிகக் குறுகியது. வெராபமிலும் அமியோடரோனும் இது உடலைவிட்டு வெளியேறும் வழியைத் தடுத்து, இரத்தத்தில் இதன் அளவை உயர்த்துகின்றன. அமியோடரோன் தொடங்கும்போது டிகாக்ஸினை ஏறக்குறையப் பாதியாக வைத்தியர் குறைப்பது இக்காரணம் பற்றியே. அவ்வாறு குறைக்கப்படாவிடின், நேற்றுவரை மருந்தாயிருந்த அதே மாத்திரை இன்று விஷமாகும்.

நிற்க. இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரியும் மாத்திரைகளும் கொடுக்கப்படுகின்றன. ஹைடிரோகுளோரோதையாஸைடு, பியூரோஸ்மைடு முதலியவை நீரோடு பொட்டாசியம் என்னும் உப்புச் சத்தையும் வெளியேற்றுகின்றன. அச்சத்துக் குறைந்தால் டிகாக்ஸினின் விஷம் எளிதில் தலைகாட்டும். சொட்டலால் என்னும் நாடி மருந்தை உண்பவர்க்கு உயிருக்கு அபாயமான துடிப்பு உண்டாகலாம். நம் வீடுகளில் இருமலுக்கு வழங்கும் அதிமதுரத்தைப் பல நாள் தொடர்ந்து உண்டால், அதுவும் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தும். இதற்கு நேர்மாறாக எனலாபிரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் என்பன பொட்டாசியத்தைத் தேக்குகின்றன. இவற்றை உண்பவர், முக்கியமாகச் சிறுநீரகம் தளர்ந்தவர், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் அளவுக்கு மிஞ்சிய இளநீரையும் வைத்தியரைக் கேளாமற் கொள்ளலாகாது. அச்சத்து மிகுந்தாலும் இருதயம் நிலைதடுமாறும்.

இவற்றைக் கேட்டுப் பயந்து, இன்றிரவே மாத்திரைகளை நிறுத்திவிடுவோமென்று எவரும் எண்ண வேண்டா. அஃது இன்னும் பெரிய கேடு. மெட்டோபிரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் மார்பு வலியும் மாரடைப்பும் நேரக்கூடும். அமியோடரோனோ, நிறுத்திய பின்னும் பல வாரங்கள், மாதங்கள்கூட உடலில் தங்கியிருப்பது. ஆகையால் அதை விட்டுவிட்டவரும் புதிய வைத்தியரிடம் அதைச் சொல்லியே தீரவேண்டும். மேலும், நான் கூறிய சேர்க்கைகளிற் சிலவற்றை வைத்தியர் நன்கறிந்தே, அளவைக் குறைத்துச் சோதனை செய்துகொண்டு கொடுப்பதும் உண்டு. அறிந்து கொடுப்பதில் ஆபத்துக் குறைவு. அறியாமற் சேர்வதே ஆபத்து.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு, பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவனையும் வைத்திய முறையின் ஓர் அங்கமாகச் சேர்த்தார். அந்த நான்காம் அங்கம் நாமே. இரண்டு சீட்டுகளையும் ஒருங்கே காணக்கூடியவர் வீட்டிலிருக்கும் மகனும் மகளும் மருமகளுமேயன்றி வேறெவர்?

அவர்கள் செய்யவேண்டுவன சிலவே. மாத்திரை, சொட்டு மருந்து, நாட்டு மருந்து யாவற்றையும் அளவோடு ஒரே தாளில் எழுதி, எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுக. வாரந்தோறும் நாடியையும் அழுத்தத்தையும் பார்த்துக் குறித்துவைக்க. பொட்டாசியத்திற்கும் சிறுநீரகத்திற்குமான இரத்தப் பரிசோதனையை எப்போது செய்யவேண்டுமென வைத்தியரைக் கேட்டுக்கொள்க. வாந்தி பேதி கண்டால், அன்றே வைத்தியருக்கு அறிவிக்க. மயக்கம், மூச்சுத் திணறல், நாடி 50க்கும் கீழ் இறங்கித் தளர்ச்சி காணல் ஆகியவை நேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க.

நமது சங்கத்தார் இதற்கென ஒரு சிறு அட்டை அச்சிட்டு வீடுதோறும் வழங்குவார்களாயின், செலவு சொற்பம், பயனோ பெரிது. கல்விக்கும் கலியாணத்திற்கும் ஒன்றுகூடுகிற நாம், பெரியோரின் உயிரைக் காப்பதற்கும் ஒன்றுகூடுவோமாக.