அம்பாஸிடருக்கு மூடுவிழா நடத்தியது யார்?

(விருத்தாசலத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

காரில் ஏறாத நமக்குக் கார் கம்பெனியின் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரைச் செய்தவனும் நம்மைப் போலக் கூலிக்கு உழைத்தவன்தான். சூளை எரிந்தால்தான் பீங்கான் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியும். அவன் கதையும் அதுதான்.

அம்பாஸிடர் காரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மந்திரி வந்ததும் அதில்தான். மாப்பிள்ளை வந்ததும் அதில்தான். பிர்லா குடும்பம் 1942-ல் துவக்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அதைச் செய்தது. 2014 மே 24 அன்று ஆலை வாசலில் ஒரு நோட்டீஸ்: ‘வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது.’ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள்.

அன்னியப் போட்டிதான் காரணம் என்றார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் பேசுவோம்.

வேலியும் பயிரும்

1950-களிலேயே அன்னியக் கார்களுக்குச் சர்க்கார் கதவை அடைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் களத்தில் இருந்தவை அம்பாஸிடர், பம்பாயின் ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலி கட்டினால் மட்டும் பயிர் விளையாது. களை எடுக்க வேண்டும், உரம் போட வேண்டும். பிர்லா மகசூலை மட்டும் அறுத்தார். பிரிட்டிஷ் மோரிஸ் காரைப் பார்த்துச் செய்த வண்டி. முகப்பு மாறியது, எஞ்சின் மாறியது, உடம்பு கடைசி வரை மாறவில்லை.

1983 டிசம்பரில் ஜப்பான் சுசுகியின் கூட்டுடன் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி, விலையும் குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. ஸ்டாண்டர்டு 1980-களின் இறுதியிலேயே படுத்தது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 24,000 விற்ற அம்பாஸிடர், கடைசி ஆண்டில் சுமார் 2,200-க்கு இறங்கியது.

இடையில் நடந்ததைக் கேளுங்கள். ஆலையைச் சீர்படுத்தப் பணம் வேண்டும் என்று சொல்லி, ஆலை நிலத்தில் 314 ஏக்கரை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றார்கள். நிலம் போயிற்று, ஆலை சீர்படவில்லை. 2017-ல் ‘அம்பாஸிடர்’ என்ற பெயரையே பிரான்சின் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். வெறும் பெயருக்கு 80 கோடி! அந்தப் பெயரை உண்டாக்கிய கைகளுக்கு என்ன விலை?

கொடி எதுவானாலும்

சுதேசி முதலாளிதான் இப்படி, அன்னியன் வந்தால் பிழைப்போம் என்று எண்ணாதீர்கள். திரும்பி வந்த ஃபோர்டு, மறைமலை நகரில் நவீன ஆலை கட்டியது. நஷ்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. 2022-ல் உற்பத்தி நின்றது. அங்கே தொழிலாளர் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் சொன்ன இழப்பீட்டைக் கம்பெனி உயர்த்த வேண்டியதாயிற்று. ஆலையைக் காக்க முடியவில்லை. ஆனால் வெறுங்கையோடு விரட்டவும் முடியவில்லை.

நாம் கேட்க வேண்டியது

ஆலையை மூடச் சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற சட்டம் முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலைக்கே பொருந்தியது. 2020-ன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கியது. நம் சின்னச் சூளைகளில் 300 பேர் எங்கே இருக்கிறார்கள்? சங்கம்தான் நமக்கு வேலி.

ஆகவே தோழர்களே, முதலாளிக்குச் சலுகை தரும்போதே நிபந்தனை போடு என்று சர்க்காரைக் கேட்போம். லாபம் வரும் நாளிலேயே புது எந்திரம் எங்கே என்று முதலாளியைக் கேட்போம். ஆலை நிலத்தை அளக்க ஆள் வந்தால், அன்றைக்கே வாசலில் கூடுவோம். நோட்டீஸ் ஒட்டும் வரை காத்திருக்க வேண்டாம்!