குஞ்சு வாங்கும் முன் இடத்தை அளப்போம்
(வாழ்வாதார உதவி கோரிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



கோழிக்குஞ்சு கேட்டு வந்த மனுக்களில் பெரும்பாலும் "25 குஞ்சு வேண்டும்" என்றே எழுதியிருக்கிறீர்கள். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால், மாடிப்படிக்குக் கீழே என்கிறீர்கள். நம் காட்டுப்பாக்கத்தில் கிராமம் போல் கொல்லை கிடையாது. பாதிப்பேர் வாடகை வீடு. அதனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

முதல் 4 வாரம் ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி போதும். 8 வாரம் வரை ஒரு சதுர அடி. வளர்ந்த கோழிக்கு 2 சதுர அடி. படிக்குக் கீழே 5 அடிக்கு 4 அடி இருந்தால் 20 சதுர அடி. அதில் 10 கோழிதான் வளரும். 25 குஞ்சையும் முதல் மாதம் அங்கே அடக்கிவிடலாம், அதுதான் ஏமாற்றுகிறது. மூன்றாம் மாதம் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும், தரை ஈரமாகும், இரத்தக் கழிச்சல் வரும். ஆகவே அத்தகைய வீட்டுக்கு 10 குஞ்சுக்கு மேல் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு வருத்தம் இருக்கும். ஜகாத் பணம், வீணாகக் கூடாது.

தாய்க்கோழி இருந்தால் சூடு அது கொடுத்துவிடும். இல்லாதபோது நாம்தான் தாய். அட்டையையோ தகரத்தையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக நிறுத்துங்கள். 10 குஞ்சுக்கு இரண்டரை அடி அகல வட்டம் போதும். சதுரப் பெட்டி வேண்டாம். குளிரில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். கீழே 2 அங்குலம் உமி, அதன்மேல் முதல் இரண்டு மூன்று நாள் செய்தித்தாள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கலாம். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம்தான் தரும், சூடு தராது; பழைய குண்டு பல்பு தேடி வாங்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் குளிர், பல்பை இறக்குங்கள். ஓரத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். பரவலாக மேய்ந்தால் சரி.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் தகரக் கூரைமேல் கட்டாயம் ஓலை போடுங்கள், சித்திரை வெயிலில் தகரம் அடுப்பாகிவிடும். கீழே வைப்பவர்கள் தரையை ஓரடி உயர்த்துங்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்தபோது அடையாற்றுக் கரை பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பெருச்சாளியும் பூனையும் நுழையாதபடி அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுங்கள். பெரிய கண் வலையில் பெருச்சாளி சுலபமாகப் போகும்.

ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். (கூடுவாஞ்சேரி பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில்தான் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் ஊர் என்று நினைத்து இங்கே தேடி வருபவர்கள் உண்டு!)

வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சேவல் கூவுவது நமக்கு ஃபஜ்ருக்கு எழுப்பும் சத்தம். மற்றவர் தூக்கமும் அமானிதம்தான். இடம் குறைவானவர்கள் சேவலை வைத்துக்கொள்ளாமல் விற்றுவிடலாம், முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை.

பூனையைக் கட்டிப்போட்டுத் தீனியும் தராமல் வைத்த பெண்ணின் செய்தி உங்களுக்குத் தெரியும். அடைத்து வைக்கும் உயிருக்கு நாம் பொறுப்பு.

இன்ஷா அல்லாஹ், குஞ்சு வழங்குவதற்கு முன் எங்கள் சகோதரிகள் டேப்புடன் வீட்டுக்கு வருவார்கள். வைக்கும் இடத்தைக் காலி செய்து காட்டுங்கள். பல்புக்கு மின் இணைப்பு எங்கிருந்து எடுப்பீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.