ஒன்பதாம் வகுப்பில் ஒடிந்த தூரிகை

(கம்பத்தில் ஆற்றிய உரை)



கம்பம் பள்ளத்தாக்கிலே கண்ணுக்கு விருந்து குறைவில்லை. மலை உண்டு, மலையடியிலே திராட்சைப் பந்தல் உண்டு, முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து பச்சை விரித்த வயல் உண்டு. உத்தமபாளையத்துத் திருக்குணகிரியிலே, பாறையின்மீது வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள், அருகே வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வெயிலும் மழையும் தின்றும் தீராத வடிவங்கள்! அவற்றைச் செதுக்கியவன் கருவிலேயா கற்றுவந்தான்? ஆசான் அருகிருந்து கோடு பழகினான், கை பிசகினான், திருத்தப்பட்டான், மீண்டும் பழகினான். அந்தப் பாறையின் பக்கத்துப் பள்ளியிலே படிக்கும் பிள்ளைக்கு இன்று கோடு பழக்குவார் யார்?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளிலே நூறு பிள்ளைகளுக்கு மேல் பயின்றால், கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. கணக்குக்கு முழுநேரம், கலைக்குப் பகுதிநேரம்! 2012இலே தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றுக்காக 16,549 பேர் அமர்த்தப்பட்டனர். வாரத்திற்கு மூன்று அரை நாள் வேலை. மாதத்திற்கு 5,000 ரூபாய் ஊதியம். பின்னர் ஊதியம் ஏறியது, மலைப்பாதையில் மாட்டுவண்டி ஏறுவதுபோல. கோட்டையிலே கொடி மாறியபோதும், பணி நிரந்தரம் கேட்ட அவர்கள் குரல் மாறவில்லை. இதைச் சொல்லும்போது எந்தக் கட்சிக்காரர் முகம் சுளித்தாலும் எனக்குக் கவலையில்லை.

அந்த அரை நாளும் எட்டாம் வகுப்போடு சரி! அதற்குமேல் நிரந்தர ஓவிய ஆசிரியர் உள்ள பள்ளிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண். ஓவியத்திற்கு ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் இல்லாத பாடத்திற்கு மதிப்பேது? மத்திய வாரியப் பள்ளியிலே பயிலும் மாணவன், ஓவியத்தை விருப்பப் பாடமாக ஏற்றுப் பத்தாம் வகுப்பிலேயே தேர்வெழுத வழி இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியின் மகளுக்கு அந்த வழி எங்கே?

நான் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒன்பதாம் வகுப்பிலே, கால அட்டவணையில் 'ஓவியம்' என்றிருந்த கட்டத்திலே கணக்கு நடந்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்தவன், கணக்கேட்டின் பின்பக்கத்திலே காளை வரைவான். அதன் திமில் அசைவதுபோலவே இருக்கும். பிரம்படிதான் அவனுக்குக் கிடைத்த பரிசு. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நான் முதல் நாடகம் போட்டபோது, அரண்மனைப் படுதாவை எழுதித் தந்தவன் அவன்தான். வண்ணம் சிறப்பு. ஆனால் தூண்கள் தூரம் போகப் போகச் சிறுக்கவில்லை. முன் தூணும் பின் தூணும் ஒரே உயரம். மன்னன் உள்ளே நுழைந்ததும், மாளிகையை மிஞ்சிய மன்னன் என்று கொட்டகை சிரித்தது. அவனும் சிரித்தான், பிறகு படுதாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். தூரத்தைத் தாளில் அடக்கும் வித்தையை ஒரு நல்லாசிரியர் சில வாரங்களில் பழக்கியிருக்க முடியும். பழக்க ஆளில்லை. இன்று அவன் திராட்சைத் தோட்டத்திலே மருந்தடிக்கிறான். உழைப்பு இழிவல்ல, ஆனால் அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லையே!

1850இலே டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் சென்னை எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. கடற்கரையிலே உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆயினும் அங்கே சேரப் போகிறவன் வரைந்து காட்ட வேண்டும். பதின்மூன்றில் பென்சிலைப் பறிகொடுத்த பள்ளத்தாக்குப் பிள்ளை, பதினேழில் எதைக் காட்டுவான்? பயிற்சிக்குப் பணம் கட்டிய பட்டணத்துப் பிள்ளையோடு எப்படிப் போட்டியிடுவான்?

2022-23 முதல் அரசுப் பள்ளிகளிலே கலைத் திருவிழா நடக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் விதைப்பதை விட்டுவிட்டு விளைச்சலுக்கு விழா எடுத்தால் போதுமா?

தோழர்களே, நம் மேடைக்குப் பின்திரை வரைந்தவனும், நள்ளிரவில் ஏணி போட்டு நமக்குச் சுவரெழுத்து எழுதியவனும் தூரிகைக்காரன்தான். பிளெக்ஸ் பலகை வந்ததும் அவனை மறந்துவிட்டோம். அந்தக் கடன் நம் கணக்கில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியிலே மேலாண்மைக் குழு உண்டு. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்திற்குப் போங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். 'ஓவியம்' என்ற கட்டத்தில் விரல் வைத்து, போன வாரம் இந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வரும் விடையைத் தீர்மானப் புத்தகத்திலே எழுதச் சொல்லுங்கள்.